உடலியங்கியலையும் நோயையும் ஒன்றாகப் படிப்பது எப்படி: இதயச் செயலிழப்பிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இந்திய மருத்துவப் படிப்பில் உடலியங்கியல் முதலாம் ஆண்டிலும், நோய்க்குறியியலும் மருந்தியலும் இரண்டாம் ஆண்டிலும் வருகின்றன; பொதுமருத்துவத்தை ஆழ்ந்து கற்கும் காலம் அதற்கும் பிறகுதான். இதனால், முதலாம் ஆண்டில் மதிப்பெண்ணுக்காக வரைந்து பழகிய, இதயத் தசை விரிய விரிய வலுவாகச் சுருங்குவதைக் காட்டும் ஃபிராங்க்–ஸ்டார்லிங் வளைகோடு ஒரு நோட்டுப் புத்தகத்திலும், பின்னர் மனப்பாடம் செய்யும் இதயச் செயலிழப்பின் அறிகுறிப் பட்டியல் வேறொரு நோட்டுப் புத்தகத்திலும் தங்கிவிடுகின்றன. செவிலியம், மருந்தாளுமை, ஆய்வக நுட்பம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றைப் படிப்பவர்களுக்கும் பாடத்திட்டத்தின் வரிசை சற்றே மாறினாலும் சிக்கல் இதுவே.

இந்த வழிகாட்டி ஒரே கருத்தின் மேல் எழுப்பப்பட்டுள்ளது. நாட்பட்ட நோய்களில் நோயாளி சொல்லும் தொல்லைகளில் பெரும்பகுதி, பழுதுபட்ட உறுப்பு நேரடியாக உண்டாக்குவதன்று. அந்தப் பழுதை ஈடுகட்டுவதற்காக மற்ற உறுப்புகள் தங்கள் வழக்கமான வேலையைச் செய்வதால் உண்டாவதாகும். இதை ஏற்றுக்கொண்டால், இயல்பான இயக்கத்தை முதலில் படித்துவிட்டு நோயைத் தனியே படிக்க வேண்டிய தேவை குறைந்து, ஒரே படத்தை இரண்டு முறை படித்தால் போதும் என்ற நிலை வரும்.

முதற்படி: உடல் காக்கும் அளவையும் அதற்காக வளைந்து கொடுக்கும் அளவையும் பிரித்தறிதல்

பாடநூலின் எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும், உடல் இங்கே எந்த அளவை மாறாமல் வைத்திருக்க முயல்கிறது என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும். பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டில் அகச்சூழல், அதாவது செல்களைச் சூழ்ந்த உடல்நீரின் நிலை மாறாமல் காக்கப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1920களில் அமெரிக்கரான வால்ட்டர் கேனன் அதை விரித்து, அதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டார். இந்தச் சொல்லின் வரையறையைத் தேர்வில் எழுதிவிடும் மாணவர்களில் பலர், அதை ஒரு கருவியாகப் பயன்படுத்துவதில்லை.

தமனி இரத்த அழுத்தம், 7.35 முதல் 7.45 வரையிலான பி.ஹெச்., லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரையிலான பொட்டாசியம், கிலோவுக்கு 285 முதல் 295 மில்லிஆஸ்மோல் வரையிலான பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி (இரத்தநீரில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு), 37 டிகிரி செல்சியஸை ஒட்டிய உள்ளுடல் வெப்பம் ஆகியவை காக்கப்படும் அளவுகள். நாடித் துடிப்பு, மூச்சின் வேகமும் ஆழமும், சிறுநீரின் அளவு, தோலுக்குப் போகும் இரத்தம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. முதல் வகை மாறாமலிருப்பதற்காக அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு வகைகளையும் ஒரே அட்டவணையில் ‘இயல்பு அளவுகள்’ என்ற தலைப்பின்கீழ் அச்சிடும் வழக்கம் மாணவர்களுக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று.

இந்த வேறுபாட்டின் பயன் இரத்தப்போக்கில் தெளிவாகத் தெரியும். உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ள ஓர் இளைஞர் விபத்தில் 1 லிட்டரை இழந்த பின்னும் அவருடைய சிஸ்டாலிக் அழுத்தம் (இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அளவு) இயல்பாகவே இருக்கக்கூடும். அதே வேளையில் நாடி 100-ஐத் தாண்டியிருக்கும், கைகால் குளிர்ந்திருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும், சிஸ்டாலிக்குக்கும் டயஸ்டாலிக்குக்கும் (இதயம் தளரும்போதுள்ள கீழ் அளவு) இடையிலுள்ள இடைவெளி சுருங்கியிருக்கும். அழுத்தம் இயல்பாக இருப்பது, உடல் அதற்காக எவ்வளவு செலவழிக்கிறது என்பதைச் சொல்லாது; செலவை வளைந்து கொடுக்கும் அளவுகளில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: சில எண்களையும் மூன்று சமன்பாடுகளையும் கைவசப்படுத்துதல்

உடலியங்கியலில் மனப்பாடம் தேவையில்லை என்று சொல்வோரை நம்ப வேண்டாம். சில எண்கள் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும். ஆனால் அவை ஒன்றோடொன்று கணக்கால் கட்டப்பட்டவையாக இருக்க வேண்டும்.

முதல் சமன்பாடு: இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம், நாடித் துடிப்பையும் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவையும் பெருக்கினால் கிடைக்கும். ஓய்வில் 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்றால் 4.9 லிட்டர், 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது: சராசரி தமனி அழுத்தம், அந்த வெளியேற்றத்தையும் இரத்த நாளங்களின் மொத்தத் தடையையும் பெருக்கினால் கிடைக்கும். 120/80 என்ற அளவீட்டில், டயஸ்டாலிக்கோடு இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம் 93 மி.மீ. பாதரசம், அதை 5-ஆல் வகுத்தால் தடை ஏறத்தாழ 19 அலகு. மூன்றாவது வெளியேற்ற விகிதம்: இடது கீழறை நிரம்பியிருக்கும்போது 120 மில்லிலிட்டர் இருந்து அதில் 70 வெளியேறினால், விகிதம் 58 விழுக்காடு.

சிறுநீரகத்துக்கு வேறு சில எண்கள் தேவை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து, இதய வெளியேற்றத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகப் பெறுகின்றன. குளோமெருலஸ்கள் எனப்படும் சிறுநீரக நுண்வடிகட்டிகள் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன, அதாவது நாளுக்கு 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவது 1.5 லிட்டர் அளவே. எஞ்சியது முழுவதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்பதால், சிறுநீரகத்தின் வேலையில் பெரும்பகுதி கழிவை வெளியேற்றுவதில் இல்லை, வடிந்ததை மீட்பதில்தான் இருக்கிறது.

இவற்றை அலகுகளோடு, தாளில் கையால் கணக்கிட்டுப் பழக வேண்டும். அலகை எழுதாத கணக்கு பிழையைக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாம் படி: கட்டுப்பாட்டுச் சுழலை வரைந்து அம்புகளில் காலத்தைக் குறித்தல்

இப்போது ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் ‘தமனி அழுத்தம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை உணரும் இடங்கள் கழுத்திலுள்ள கரோட்டிட் சைனசும் பெருந்தமனியின் வளைவும். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. முகுளம் இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டியோ அதை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தளர்த்தியோ இதயத்தின் வேகத்தையும் நாளங்களின் சுருக்கத்தையும் மாற்றுகிறது. ஒவ்வோர் அம்பின் மேலும் கூட்டல் அல்லது கழித்தல் குறியிட வேண்டும். சுழலை ஒரு முறை சுற்றி வந்தால் தொடக்க மாற்றத்துக்கு எதிரான விளைவு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஏதோ ஓர் அம்பில் குறி தவறியிருக்கிறது.

மாணவர்கள் வரையும் படங்களில் பெரும்பாலும் விடுபடுவது காலம். நரம்பின் எதிர்வினை சில நொடிகளில் வந்துவிடும். சிறுநீரகத்திலிருந்து தொடங்கும் ஹார்மோன் வழியான ரெனின்–ஆஞ்சியோடென்சின் வழி முழு வேகம் பெறச் சில நிமிடங்கள் ஆகும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி இரத்தத்தின் கொள்ளளவைக் கூட்டுவதற்கு மணிக்கணக்கிலிருந்து நாட்கணக்கு வரை ஆகும். ஆனால் நீண்டகால நோக்கில் இந்த மூன்றாவது வழியே வலிமையானது. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் குறுக்கி, உடல் முழுவதும் இரத்த அழுத்தம் உயர்ந்து நிலைப்பதைக் காட்டினார். இதயமும் மூளையும் நல்ல நிலையில் இருந்தபோதும், தனக்கு வரும் அழுத்தம் குறைவு என்று சிறுநீரகம் கருதியதே போதுமானதாயிற்று. உயர் இரத்த அழுத்தத்தைப் பற்றிய பாடத்தை இந்த ஒரே பரிசோதனையிலிருந்து தொடங்கினால், மற்றவை தாமாக வந்து சேரும்.

நரம்பு வழியை ஒரு நிறத்திலும், ஹார்மோன் வழியை மற்றொரு நிறத்திலும், கொள்ளளவு வழியை மூன்றாவது நிறத்திலும் வரைவது நல்லது. இந்தப் படம்தான் அடுத்த படியில் தேவைப்படும்.

நான்காம் படி: ஓர் அம்பை உடைத்துப் பார்த்தல்

இதுவே இந்த வழிகாட்டியின் மையம். இங்கே அவசரப்படக் கூடாது. இயல்பான படத்தில் ஒரே ஓர் இடத்தைப் பழுதாக்கிவிட்டு, மற்ற அம்புகள் அனைத்தும் வழக்கம்போல இயங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். மாரடைப்பில் இடது கீழறைத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது என்று கொள்வோம். பின்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக எளிமைப்படுத்தப்பட்டவை.

துடிப்புக்கு 70 மில்லிலிட்டராக இருந்த வெளியேற்றம் 50-ஆகக் குறைகிறது. நாடி 70-ஆகவே இருந்தால் நிமிட வெளியேற்றம் 3.5 லிட்டர், தடை 19 அலகாகவே இருந்தால் சராசரி அழுத்தம் 66 ஆகிவிடும். இந்த 66-ஐ நோயாளியிடம் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை, ஏனெனில் நொடிகளுக்குள் கரோட்டிட் சைனஸ் அதை உணர்ந்துவிடுகிறது. பரிவு நரம்புகள் நாடியை 100-க்கு உயர்த்துகின்றன. நிமிட வெளியேற்றம் மீண்டும் 5 லிட்டர். நோயாளிக்குப் படபடப்பு, வியர்வை, குளிர்ந்த கைகால். இவற்றில் எதுவும் இறந்த தசையிலிருந்து வந்ததன்று.

அடுத்து நாட்கள் கடக்கின்றன. பரிவு நரம்பின் தூண்டுதலாலும், தனக்கு வரும் இரத்தம் குறைந்ததாலும் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. முயலின் சிறுநீரகச் சாற்றில் இந்தப் பொருளை டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் கண்டு 1898-இல் வெளியிட்டனர். அதன் முழு முக்கியத்துவம் விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ரெனின் ஆஞ்சியோடென்சின் II உண்டாக வழிசெய்கிறது. அது நாளங்களைச் சுருக்குவதோடு அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கிறது. உப்பும் நீரும் தேங்குகின்றன. சிரைகளின் வழியே இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கூடுகிறது, கீழறை அதிகமாக விரிகிறது, விரிந்த தசை ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதிப்படி சற்று வலுவாகச் சுருங்குகிறது. இப்போது கீழறை 160 மில்லிலிட்டராக நிரம்பி 56-ஐ வெளியேற்றுகிறது என்று கொண்டால், நாடி 88-இல் நிமிட வெளியேற்றம் மீண்டும் ஏறத்தாழ 5 லிட்டர். ஆனால் வெளியேற்ற விகிதம் 35 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. ஓய்வில் வெளியேற்றம் இயல்பு, எக்கோ (இதய ஒலி அலைப் படம்) அறிக்கையில் விகிதம் மோசம் என்ற இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று திகைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த 160 மில்லிலிட்டருக்கு ஒரு விலை உண்டு. நிரம்பி வழியும் கீழறையின் அழுத்தம் பின்னோக்கி இடது மேலறைக்கும், அங்கிருந்து நுரையீரல் சிரைகளுக்கும், அவற்றிலிருந்து தந்துகிகளுக்கும் ஏறுகிறது. நுரையீரல் தந்துகியின் அழுத்தம் இயல்பில் 10 மி.மீ.-க்கும் குறைவு, இரத்தப் புரதங்கள் நீரை உள்ளே பிடித்துவைக்கும் விசை ஏறத்தாழ 25. முன்னது பின்னதைத் தாண்டும்போது நீர் வெளியே கசிந்து நுரையீரல் திசுவில் தேங்குகிறது. நாட்பட்ட நோயாளிகளில் நிணநாளங்கள் விரிவடைந்து கசிவை அகற்றிவிடுவதால், அவர்கள் இதைவிட உயர்ந்த அழுத்தத்தையும் சில காலம் தாங்குவார்கள். திடீரென்று வரும் பழுதில் அந்த அவகாசம் இல்லை.

இப்போது அறிகுறிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அம்போடு பொருத்துங்கள். படுத்தவுடன் மூச்சுத் திணறுவது ஏன்? கால்களில் தங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் திரும்பி, ஏற்கெனவே நிரம்பிய மேலறையின் அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது ஏன்? படுத்த நிலையில் கால் வீக்கத்தின் நீர் நாளங்களுக்குத் திரும்புகிறது, தசைகளின் தேவை குறைவதால் சிறுநீரகத்துக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்கிறது. கழுத்துச் சிரை புடைப்பதும், கல்லீரல் வீங்கி வலிப்பதும், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவதும் அழுத்தம் வலது பக்கத்தையும் எட்டிவிட்டதன் அடையாளங்கள்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உடல் முழுவதும் நீர் தேங்கியிருக்கும்போது சிறுநீரகம் ஏன் மேலும் நீரைத் தேக்குகிறது? சிறுநீரகத்துக்கு உடலின் மொத்த நீரை அளக்கும் வழி இல்லை. தமனிப் பக்கத்தின் நிரப்பத்தையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. தேங்கிய நீர் சிரைகளிலும் திசுக்களிலும் இருக்கிறது. தமனிப் பக்கம் வறண்டதாகவே உணரப்படுகிறது. ஆகவே இரத்தம் இழந்த ஒருவரிடம் உயிர் காக்கும் அதே செயலை அது இங்கேயும் செய்கிறது. நீரைத் தேக்கும் ஹார்மோனான வாசோபிரெசினும் இதே காரணத்தால் சுரந்து, உப்பைவிட நீரைக் கூடுதலாகத் தேக்குவதால், இரத்தத்தின் சோடியம் குறைகிறது. சோடியம் குறைவு என்பதைக் கண்டு உடலில் உப்பு குறைவு என்று முடிவு செய்வது இங்கே முற்றிலும் தவறாகும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் அம்பு உண்டு. விரிந்த மேலறையும் கீழறையும் உப்பை வெளியேற்றத் தூண்டும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. 1981-இல் அடால்ஃபோ டி போல்டும் குழுவினரும் எலியின் மேலறைச் சாற்றில் இந்த விளைவைக் காட்டினர். மூச்சுத் திணறலோடு வருபவருக்கு எடுக்கப்படும் பி.என்.பி. பரிசோதனை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்மோனையே அளக்கிறது.

இன்னொரு வகையையும் இங்கேயே பார்த்துவிடலாம். தசை சுருங்கும் வலு குறையாமல், கீழறை விறைத்துப்போய் நிரம்ப மறுத்தால் என்ன ஆகும்? 80 மில்லிலிட்டர் மட்டுமே நிரம்பி 50 வெளியேறினால், விகிதம் 62 விழுக்காடு. அறிக்கை இயல்பு என்று சொல்லும். ஆனால் துடிப்புக்கு வெளியேறும் அளவும், மேலறை அழுத்தமும் முன்னைய நோயாளியைப் போலவே கெட்டிருக்கும். முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன் உள்ளவர்களில் இந்த வகை மிகுதி.

ஐந்தாம் படி: மருந்துகளைக் கொண்டு படத்தைச் சோதித்தல்

மருந்தியலைத் தனிப்பாடமாகப் பார்க்காமல், உங்கள் படத்தில் எந்த அம்பு உண்மையிலேயே முக்கியமானது என்பதைச் சோதிக்கும் வழியாகப் பார்க்கலாம். தளர்ந்த இதயத்துக்குச் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்தே சிறந்தது என்று யாருக்கும் தோன்றும். மில்ரினோன் மாத்திரை அதைத்தான் செய்தது; ஆனால் 1991-இல் வெளியான பெரிய ஆய்வில், அதை உட்கொண்ட கடுமையான இதயச் செயலிழப்பு நோயாளிகள் போலி மருந்து பெற்றவர்களைவிட அதிகமாக இறந்தனர். இதற்கு மாறாக, ஆஞ்சியோடென்சின் II உண்டாவதைத் தடுக்கும் எனலாப்ரில், 1987-இல் வெளியான ஆய்வில் இறப்பைக் குறைத்தது. இந்த மருந்து வகையின் வேர், ஜரராகா என்ற பிரேசில் விரியன் பாம்பின் நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறது.

பீட்டா தடுப்பான்களின் கதை இன்னும் கூர்மையானது. பரிவு நரம்பின் தூண்டுதலைத் தடுக்கும் மருந்தை, அந்தத் தூண்டுதலால் தாக்குப்பிடிக்கும் இதயத்துக்குக் கொடுக்கலாகாது என்பதே நெடுங்காலம் பாடமாக இருந்தது. 1999-இல் வெளியான ஆய்வுகளில் பிசோப்ரோலாலும் மெட்டோப்ரோலாலும் இறப்பைத் தெளிவாகக் குறைத்தன. ஈடுகட்டும் செயல் நொடிக்கணக்கில் உயிர் காக்கிறது, ஆண்டுக்கணக்கில் தசையை அரிக்கிறது என்பதே இதன் பொருள். பீட்டா தடுப்பானை ஏன் மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் உயர்த்துகிறார்கள், நுரையீரலில் நீர் கோத்துத் திணறிக்கொண்டிருப்பவருக்கு ஏன் அதைப் புதிதாகத் தொடங்குவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் படத்தைக் காட்டி விடைசொல்ல முடிந்தவர், என் கருத்தில், இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டார்.

ஆறாம் படி: அதே முறையைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோதல்

நீரிழிவில் சிறுநீரகம் கெடுவதை எடுத்துக்கொள்வோம். இங்கே பழுது வேறு, தர்க்கம் அதுவே. நாளுக்கு வடியும் 180 லிட்டரில், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கில் 180 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. வடிகட்டியை அடுத்துள்ள அண்மைச் சுருள் நுண்குழலே அது அனைத்தையும் சோடியத்தோடு சேர்த்து மீட்டுவிடுகிறது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரில் சர்க்கரை தென்படத் தொடங்குகிறது. சர்க்கரை மிகுந்தால் சோடியமும் முன்பகுதியிலேயே கூடுதலாக உறிஞ்சப்படுவதால், நுண்குழலின் பின்பகுதியில் உப்பின் அளவை உணரும் மாக்குலா டென்சாவுக்குக் குறைவான உப்பே வந்து சேருகிறது. வடிகட்டல் குறைந்துவிட்டது என்று அது தவறாகக் கணித்து, குளோமெருலஸுக்குள் வரும் தமனியைத் தளர்த்துகிறது. ஒரு குழாயின் நுழைவாயில் திருகைத் திறந்துவிட்டு வெளிவாயில் திருகை இறுக்கினால் நடுவில் அழுத்தம் ஏறுவது போல, வெளியேறும் தமனி ஆஞ்சியோடென்சினால் சுருங்கியிருக்கும் நிலையில், குளோமெருலஸின் உள்ளழுத்தம் ஏறுகிறது. நோயின் தொடக்க ஆண்டுகளில் வடிகட்டும் வேகம் இயல்பைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். இரத்தப் பரிசோதனை அப்போது மிக நன்றாகவே தோன்றும். ஏறிய அழுத்தம் வடிசவ்வைச் சிதைத்து, அல்புமின் என்ற இரத்தப் புரதம் சிறுநீரில் கசிவதே முதல் தடயம்.

எனலாப்ரில் போன்றவை வெளிவாயிலைத் தளர்த்துகின்றன. நீரிழிவு மருந்தான டாபாகிளிஃப்ளோசின் போன்றவை முன்பகுதி உறிஞ்சுதலைத் தடுத்து, மாக்குலா டென்சாவுக்கு உப்பை அனுப்பி, நுழைவாயிலைச் சுருக்குகின்றன. இரண்டிலும் தொடக்கத்தில், சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் தசைக் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்றே ஏறக்கூடும். அந்தச் சிறு ஏற்றம், பெரும்பாலும், மருந்து தன் வேலையைச் செய்வதன் விளைவு.

கிரியாட்டினினைப் படிப்பதற்கும் கணக்கு தேவை. வடிகட்டும் வேகம் பாதியானால் அது இரண்டு மடங்காகும். 120-லிருந்து 60-க்கு இறங்கும்போது 0.8 என்பது 1.6 ஆகிறது, 60-லிருந்து 30-க்கு இறங்கும்போது 3.2. முதல் பாதியை இழப்பதற்கு எண் 0.8 மட்டுமே ஏறுகிறது. ஆகவே ஓர் ஆளின் கிரியாட்டினின் 0.7-லிருந்து 1.1-க்கு ஏறியிருந்தால், அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

வடிகட்டி கெடுவதும் நுண்குழல் கெடுவதும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ள, இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளிடையே கவனிக்கப்பட்டுவரும் நாட்பட்ட சிறுநீரக நோய் ஒரு சிறந்த எதிர்க்காட்டு. அங்கே பலருக்கு நீரிழிவும் இல்லை, தொடக்கத்தில் உயர் இரத்த அழுத்தமும் இல்லை. பழுது நுண்குழல்களிலும் அவற்றைச் சூழ்ந்த திசுவிலும் இருப்பதால், சிறுநீரில் அல்புமின் அதிகம் கசிவதில்லை. நீரிழிவு நோயாளிக்குப் பயன்படும் அல்புமின் பரிசோதனை மட்டும் இவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் போதாது. பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பழுது எந்தப் பகுதியில் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கடைசியில் சிறுநீரகம் செய்துவந்த வேலைகளின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நின்றுபோனால் வருவதை எழுதுங்கள்: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெட்டின் குறைந்தால் இரத்தசோகை, வைட்டமின் டி செயலூக்கம் பெறாவிட்டால் கால்சியம் குறைந்து, பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பு நலிவு, பொட்டாசியம் வெளியேறாவிட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுதல், அமிலம் வெளியேறாவிட்டால் பி.ஹெச். இறக்கம்.

நுரையீரலுக்கு இவ்வளவு விரிவு வேண்டியதில்லை. ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைகோட்டில் நான்கு புள்ளிகளை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 100 என்றால் செறிவு 97 விழுக்காடு, 60 என்றால் 90, 40 என்றால் 75, 27 என்றால் 50. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97-லிருந்து 90-க்கு இறங்குவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், பகுதி அழுத்தம் 40 அலகு விழுந்துவிட்டது. அதற்குக் கீழே வளைகோடு செங்குத்தாகச் சரிகிறது.

ஏழாம் படி: ஆய்வக அறிக்கையை ஒரு சுழலாக வாசித்தல்

ஓர் இளம்பெண் இரண்டு நாள் வாந்தியோடும் ஆழ்ந்த, வேகமான மூச்சோடும் வருகிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். சர்க்கரை 480, சோடியம் 130, பொட்டாசியம் 5.4, குளோரைடு 98, பைகார்பனேட் 8, பி.ஹெச். 7.22, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 20. இன்சுலின் இல்லாமையால் கொழுப்பு உடைந்து கீட்டோ அமிலங்கள் சேர்ந்துள்ளன. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 24. இயல்பில் 12-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இந்த இடைவெளி, அளக்கப்படாத அமிலத்தின் தடம்.

காக்கப்படும் அளவு பி.ஹெச்.; வளைந்து கொடுப்பது மூச்சு. பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால், எதிர்பார்க்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 20, இரண்டு கூடவோ குறையவோ. அறிக்கையும் 20 என்றே சொல்கிறது. நுரையீரல் தன் பங்கைச் செய்கிறது. இதே பைகார்பனேட்டோடு அந்த அழுத்தம் 32 என்று இருந்தால், பாடநூல் எல்லைக்கு அது நெருக்கமாகத் தெரிந்தாலும், மூச்சுத் தசைகள் சோர்ந்துவிட்டன என்று பொருள், பி.ஹெச். 7.02-க்கு இறங்கியிருக்கும். இயல்புக்கு நெருங்கிய எண் ஆபத்தின் அறிகுறியாவதற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காண்பது அரிது.

பொட்டாசியம் 5.4 என்பதும் இப்படிப்பட்டதே. இன்சுலின் இல்லாததாலும், ஏறிய சர்க்கரை செல்களிலிருந்து நீரை இழுப்பதாலும், பொட்டாசியம் செல்லுக்கு வெளியே வந்திருக்கிறது. அதே வேளையில் சிறுநீரிலும் வாந்தியிலும் உடல் அதைப் பெருமளவில் இழந்துவிட்டது. இன்சுலின் கொடுத்தவுடன் எஞ்சியது உள்ளே பாயும், இரத்த அளவு சரியும். மருத்துவமனைகளில் இந்நோயாளிகளுக்கு இன்சுலின் செலுத்தும் முன் பொட்டாசியத்தைப் பார்ப்பதும், அது குறைவாக இருந்தால் முதலில் அதை ஈடுசெய்வதும் இதனால்தான். சோடியம் 130 என்பதற்கும் விளக்கம் உண்டு: சர்க்கரை 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100-க்கும் சோடியம் ஏறத்தாழ 1.6 குறையும் என்ற வழக்கமான திருத்தத்தின்படி, உண்மையான அளவு 136.

எட்டாம் படி: படிக்கும் ஒழுங்கும் அடுத்த நோய்களும்

ஒரு மண்டலத்துக்கு முதல் நாளில் இயல்பான படத்தை நூலைப் பார்த்து வரைந்து, மறுநாள் நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரைய வேண்டும். விடுபட்டவற்றை வேறு நிறத்தில் சேர்த்துவிட்டு, சில நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் வரைய வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதும் வரிகளுக்கு அடியில் கோடிடுவதும் தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தரும், அவ்வளவே. வெற்றுத்தாளில் படம் வந்தால்தான் தெரிந்ததாகக் கொள்ள வேண்டும். பிறகு அதே படத்தின் நகலில் ஒரு நோயை வரைய வேண்டும். குழுவாகப் படிப்பவர்கள், ஒருவர் ஓர் அம்பை அழித்துவிட்டு மற்றவர் விளைவுகளைச் சொல்லும் முறையைப் பின்பற்றலாம். இதயமும் சுற்றோட்டமும், சிறுநீரகமும் அமில–காரச் சமநிலையும், நுரையீரல், நாளமில்லாச் சுரப்பிகள், பிறகு கல்லீரலும் குடலும் என்ற வரிசை எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது, ஏனெனில் பின்னவை முன்னவற்றின் எண்களைக் கடன் வாங்குகின்றன. நரம்பு மண்டலத்தைத் தனியே, உடற்கூறியலோடு இணைத்துப் படிப்பதே நல்லது.

இதயச் செயலிழப்பின் படத்தை முடித்தவர்கள், கல்லீரல் சுருக்கத்தில் வயிற்றில் நீர் சேர்வதையும் நெஃப்ரோட்டிக் நோய்த்தொகுதியில் முகம் வீங்குவதையும் அதே தாளில் முயன்று பார்க்கலாம். கல்லீரல் சுருக்கத்தில் குடற்பகுதியின் தமனிகள் விரிந்துவிடுவதால் தடை குறைகிறது; இதய வெளியேற்றம் குறையாமலே, பல வேளைகளில் கூடியிருந்தும், தமனிப் பக்கம் வறண்டதாக உணரப்பட்டு, ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் வாசோபிரெசினும் முன்போலவே எழுகின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையின் அழுத்தம் உயர்ந்திருப்பதால், தேங்கிய நீர் நுரையீரலில் அல்லாமல் வயிற்றறையில் கசிகிறது. கழுத்துச் சிரையும் பெரும்பாலும் புடைப்பதில்லை. நெஃப்ரோட்டிக் நோயில் சிறுநீர்வழியே அல்புமின் இழக்கப்பட்டு நீரைப் பிடித்துவைக்கும் விசை குறைகிறது, அதோடு பழுதுபட்ட சிறுநீரகமே உப்பைத் தேக்கவும் செய்கிறது. மூன்றிலும் காலை அழுத்தினால் குழி விழும். ஆகவே மூன்று தாள்களையும் அருகருகே வைத்து, எந்த அம்பு முதலில் உடைந்தது என்பதை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, நோயாளியின் கழுத்துச் சிரை, சிறுநீர் அல்புமின், கல்லீரலின் நிலை ஆகிய மூன்றில் எது எந்தத் தாளுக்குரியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.